வெறுங்கையோடு கரையேறுகிறவர்கள்

கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமைகளில் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் 1008 சங்காபிஷேகம் நடக்கும். வரிசை வரிசையாக அடுக்கிய சங்குகளில் நீர் நிரப்பிப் பூசை செய்து, அந்த நீரால் அண்ணாமலையாருக்கு அபிஷேகம். அக்கினித் தலத்துக்குக் கடல் வந்து போகிற நாள் என்றுகூடச் சொல்லலாம். கடல் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குச் செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் போகும் புதுச்சேரிதான். நூறு கிலோமீட்டர் இருக்கும். சங்குக்குப் பேர்போன கடல் இன்னும் தெற்கே, ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் கிடக்கிற மன்னார் வளைகுடா.

சங்கு பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்வதல்ல. பார்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மணலில் பாதி புதைந்து கிடக்கும். ‘பார்’ என்று மீனவர்கள் சொல்வது கடலடிப் பாறைத் திட்டை. முத்துச்சிப்பி படிவதும் அங்கேதான். ஆக, கோயிலில் ஊதுகிற ஒவ்வொரு சங்குக்கும் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போன ஒருவர் இருக்கிறார். காலில் கல்லை மாட்டிக்கொண்டு இறங்கி, கிடைத்ததைப் பையில் அள்ளி, கயிற்றை அசைத்துச் சைகை கொடுத்து மேலே வந்தவர்கள் அவர்கள். ஒரு முங்கலுக்கு ஒரு நிமிடம்; கைதேர்ந்தவருக்கு இன்னும் கொஞ்சம்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறாவை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இந்தச் சுறா கட்டிகள் ஆங்கிலேயர் காலத்திலும் ‘கடல்கட்டி’ என்ற பெயரோடு கூலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடல்கட்டி கரையில் நின்றால்தான் தண்ணீரில் இறங்குவோம் என்று முத்துக்குளிப்பவர்கள் அடம்பிடிக்க, மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத துரைமார்களும் பங்கை அளந்து கொடுத்தார்கள். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, பயத்தைக் கட்டியது. அதற்குக் கொடுத்த கூலி அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இங்கே எடுத்த சங்கில் பெரும்பகுதி கோயிலுக்கு அல்ல, வங்காளத்துக்குப் போனது, கலியாணமான பெண்கள் அணியும் வளையலாக அறுபட. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு பார்களில் சிப்பி அந்த அளவுக்குத் தேறவில்லை.

இந்தக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கடலுக்குள் இறங்கிய எல்லோரும் எதையாவது எடுத்து வரத்தான் இறங்கினார்கள்: முத்து, சங்கு, கடல் அட்டை, கட்டடத்துக்கு முருகைக்கல் என்கிற பவளக்கல். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக இறங்கும் பழக்கம் காற்று சிலிண்டரோடுதான் வந்தது. குஸ்தோவும் காஞானும் பிரான்சில் 1943இல் அந்த ஸ்கூபாக் கருவியைச் செய்தார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.மகாதேவன், கே.நாகப்பன் நாயர் போன்றவர்கள் 1960களிலேயே தூத்துக்குடிக் கடலில் முங்கி, தரையில் என்ன கிடக்கிறது என்று பார்த்து எழுதினார்கள். பவளங்களை இனம் பிரித்துப் பெயரிட்ட பெரும் உழைப்பு சி.எஸ்.கோபிநாத பிள்ளையுடையது. ஒரு கணக்குப்படி மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள்.

ஸ்கூபாவில் முதலில் பழக வேண்டியது நீச்சல் அல்ல, மூச்சு. பத்து மீட்டர் இறங்கினால் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். சிலிண்டர் காற்றும் இரண்டு மடங்கு வேகமாகத் தீரும். காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது. நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும். முத்துக்குளித்தவர் பாட்டனிடம் கற்றதற்கு நேர் எதிரான பாடம். வாடை அடங்கிய தை, மாசியில் தண்ணீர் தெளிந்திருந்தால் மான்கொம்புப் பவளக் கிளைகளுக்குள் ஓரா மீன் கூட்டம் நுழைந்து வெளிவருவது தெரியும். பொந்துக்குள் களவா அசையாமல் நிற்கும். கிளிமீன் பாறையைக் கடித்துச் சுரண்டும் ‘கறுக் கறுக்’ ஓசை காதிலேயே விழும். அது தின்று கழிக்கிற பொடியும் அங்கே மணலாகப் படிகிறது.

அதே சிலிண்டர் சங்கு குளிப்பவர்கள் கைக்கும் வந்தது. சிலர் படகில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரு நிமிடத்து வேலை மணிக்கணக்காக நீண்டது, ஆழமும் கூடியது. ஆழத்தில் அதிக நேரம் இருந்தால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து நிற்கும். சட்டென்று ஏறினால் அது குமிழியாகக் கொப்பளித்து மூட்டைப் பிடிக்கும், சிலருக்குக் கால் விழுந்துவிடும். சுற்றுலாப் பயணிக்கு நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாதே, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில் என்று சொல்ல ஒரு பயிற்சியாளர் கூடவே வருகிறார். நாள் முழுக்க அடியில் கிடக்கும் தொழிலாளிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. இந்தத் துறையில் என்னை உறுத்துகிற விஷயம் இதுதான்.

பவளம் பட்ட பாடு தனிக்கதை. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு ஆலைக்கும் ஆண்டுக்கணக்கில் பவளக்கல்லை உடைத்து ஏற்றினார்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் அது உடனே நிற்கவில்லை. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது; அதன் பிறகுதான் கை ஓய்ந்தது. அலையைத் தடுக்கக் கல் இல்லாமல் போக, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர். முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அதைச் சுற்றி இப்போது கான்கிரீட் அமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். அலை வேகம் தணிய, அவற்றின் மேல் பவளமும் பிடிக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து ஸ்கூபா போக நினைப்பவர்களுக்கு வளைகுடா உடனே கிடைக்காது. தீவுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. பொதுமக்களுக்குப் பாம்பன் பக்கம் கண்ணாடி அடித்தளப் படகு உண்டு. கிட்டத்தில் இருப்பது புதுச்சேரிதான். அங்கே 2013இல் கான்கிரீட், பனைமரம், பழைய வலை போட்டு ஒரு செயற்கைத் திட்டை உண்டாக்கினார்கள். அதற்கு ‘டெம்பிள் ரீஃப்’ என்று பெயர். கோயில் ஊர்க்காரர்களுக்குப் பொருத்தம்தான். சுமார் 18 மீட்டர் ஆழம். பவளத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். மீன் கூட்டத்தை எதிர்பார்க்கலாம். அங்கேயும் முதல் நிபந்தனை, எதையும் தொடாதே.

சித்திரை, வைகாசியில் வளைகுடாத் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010இல் வெளுத்தது. 2016இல் வெளுத்தபோது உயிர்ப் பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. 2024இலும் வெளுத்தது. கடலடியில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்து, பலகையில் பென்சிலால் குறித்து இந்தக் கணக்கை எடுக்கிறவர்கள் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள். ஒவ்வொரு பாரும் எங்கே இருக்கிறது, எந்தக் காற்றுக்கு நீர் தெளியும் என்று அவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் சங்கு குளிப்பவர்கள். அவர்களுக்கு முறையான ஸ்கூபா பயிற்சியும், கணக்கெடுப்பு வேலையில் மாதச் சம்பளமும் கொடுப்பதற்கு அரசுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது.