சாரதி ஆசனம் சுடுகிறதா? காரணத்தைத் தேடிய பின் காசைச் செலவழியுங்கள்

சரக்கு ஏற்றும் கெப் வாகனத்துக்குள் தாங்க முடியாத சூடு என்று சாரதி முறைப்பட்டால், "வெயில் காலம்தானே, கண்ணாடியை இறக்கிக்கொண்டு போ" என்று சொல்லும் முதலாளிமார் நம்மில் அதிகம். இன்னும் சிலர் நேரே ஏ.சி. கடைக்குப் போய் காஸ் அடித்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு மாதத்தில் அதே முறைப்பாடு திரும்பவும் வருகிறது.

சாரதியின் அறைக்குள் வரும் தேவையற்ற சூடு வெறும் சொகுசு சம்பந்தப்பட்ட விடயமல்ல. எஞ்சின் பக்கத்திலிருந்து சூடு உள்ளே வர ஒரு வழி இருந்தால், அதே வழியால் புகையும் வரலாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆளை மெல்ல மெல்லச் சாய்க்கும். பெற்றோல் வாகனத்தில் இந்த ஆபத்து அதிகம். டீசல்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. நள்ளிரவில் ஹபரணைக் காட்டுப் பாதையால் காத்தான்குடிக்குச் சரக்குக் கொண்டுவரும் சாரதிக்கு இப்படி நடந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அல்லாஹ் பாதுகாக்க வேண்டும்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் நம்மவர்கள் பழைய கெப்பையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு றப்பரோ தகடோ குறைந்துவிடும். பெரும்பாலான சூட்டுக்குக் காரணம் அப்படிக் குறைந்துபோன சிறு பொருள்தான் என்பது என் அனுபவம்.

முதலில் இரவுச் சோதனை

சூடு மூன்று வழியால் வரும். ஒன்று வெயில், மற்றது எஞ்சினும் சைலன்சர் குழாயும், மூன்றாவது ஹீட்டர். எது என்று பிரித்தறியக் காசு தேவையில்லை. இஷாவுக்குப் பின் வாகனத்தை எடுத்து, ஏ.சி.யை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அப்போதும் சுட்டால் குற்றம் வெயிலில் இல்லை. பிறகு வாகனத்தை நிறுத்தி, காற்று வரும் துவாரம், கால் வைக்கும் இடம், கியர் லீவரைச் சுற்றிய பகுதி, ஆசனத்தின் அடி என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பாருங்கள். எங்கே அதிகம் சுடுகிறதோ அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

காற்றுத் துவாரம் சுட்டால்

எஞ்சினில் ஓடும் தண்ணீர் ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை சூடானது. அந்தத் தண்ணீர்தான் இரண்டு றப்பர் ஹோஸ்களின் ஊடாக டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஹீட்டருக்கும் போகிறது. ஹீட்டர் லீவரைக் குளிர்ப் பக்கம் தள்ளினாலும், அதன் கேபிள் கிளிப்பிலிருந்து கழன்றிருந்தால் உள்ளே ஒன்றும் அசையாது. புளோவர் சூட்டையே வீசும். ஏ.சி. போட்டாலும் குளிரும் சூடும் கலந்தே வரும். இந்த நிலையில் எத்தனை தடவை காஸ் அடித்தாலும் பயனில்லை.

லீவரை முழுமையாகக் குளிரில் வைத்து 20 நிமிடம் ஓட்டி, எஞ்சினை நிறுத்திய பின் அந்த ஹோஸ்களைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீரை அடைக்கும் வால்வு உள்ள வாகனத்தில் வால்வுக்கு அப்பாலுள்ள ஹோஸ் சுடக் கூடாது. சுட்டால் வால்வு மூடவில்லை. வால்வே இல்லாத வாகனங்களும் உண்டு. அவற்றில் இரண்டு ஹோஸும் சுடுவது வழமை, உள்ளேயிருக்கும் கதவுத் தகடுதான் சூட்டை மறிக்கும். அதனால் உங்களுடையது எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நுவரெலியாப் பக்கம் ஓடாத வாகனமென்றால், ஹீட்டரைத் தவிர்த்து இரண்டு ஹோஸையும் இணைத்துவிடலாம். ஆனால் வெறுமனே அடைத்துவிடக் கூடாது. சில எஞ்சின்களுக்கு அந்த ஓட்டம் தேவை.

காலடி சுட்டால்

எஞ்சினுக்கும் சாரதியின் காலுக்கும் இடையிலுள்ள தகட்டை கராஜில் ஃபயர் வோல் என்பார்கள். வயர், கேபிள், ஸ்டியரிங் தண்டு எல்லாம் அதிலுள்ள துளைகளால்தான் போகின்றன. ஹோர்னுக்கும் மேலதிக லைட்டுக்கும் புதிதாகத் துளைத்த ஓட்டைகளை யாரும் மூடுவதில்லை. இருட்டிய பின் ஒருவர் பொனட்டைத் திறந்து தகட்டின் மீது டோர்ச் அடிக்கட்டும். மற்றவர் உள்ளே குனிந்து பார்க்கட்டும். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சூடு வரும் இடம். கியர் லீவரின் அடியிலுள்ள றப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது வாகனத்தின் அடிப்பக்கம். சைலன்சர் குழாய்க்கு மேலே மெல்லிய தகடொன்று இருக்கும். போல்ட் துருப்பிடித்து அது கிடுகிடுத்தால் சத்தம் தாங்காமல் கழற்றி எறிந்துவிடுகிறோம். சுமையோடு ஏற்றம் ஏறும்போது பல நூறு பாகை சுடும் குழாயை மறித்துக்கொண்டிருந்தது அந்தத் தகடுதான். குழாய் மூட்டுகளில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. அதை முதலில் அடைக்க வேண்டும்.

தண்ணீர் புகுந்ததென்று தரைவிரிப்பையும் அதன் கீழிருந்த தடித்த கம்பளியையும் கழற்றிவிட்டு, றப்பர் பாய் மட்டும் விரித்து ஓட்டுபவர்களும் உண்டு. அந்தக் கம்பளி அழகுக்காகப் போட்டதல்ல. அதற்குப் பதிலாக ஸ்பொஞ்சையோ ரெஜிபோமையோ திணிப்பது தீயை விலைக்கு வாங்குவதாகும். வாகனத்துக்கென்றே தயாரித்த, தீப்பிடிக்காத வெப்பத் தடுப்பு விரிப்பையே வாங்குங்கள்.

ஆசனத்தின் அடி சுட்டால்

பட்டா ரக லொறியிலும் டவுன் ஏஸ் போன்ற வாகனங்களிலும் எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. மூடியைச் சுற்றியுள்ள றப்பர் பீடிங் காலப்போக்கில் இறுகித் தட்டையாகிவிடும். ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடியைப் பூட்டி, இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுத்தவில்லை. நான்கு பக்கமும் பார்த்து, பீடிங்கை மாற்றினாலே பாதிச் சூடு குறைந்துவிடும்.

வெயில்தான் காரணமென்றால்

நிழலில்லாத இடத்தில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியை விட 20 பாகை வரை சூடு ஏறிவிடும். முன் கண்ணாடிக்கு மறைப்புப் போடுங்கள். புறப்படுமுன் இரு கதவுகளையும் சில நிமிடம் திறந்து விடுங்கள். ஏ.சி.யைப் போட்டதும் முதலில் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு வெளிக்காற்றை அடையுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நிறுத்தினால் குளிராவிட்டால் கண்டென்சரின் காற்றாடியைப் பாருங்கள், அதன் செட்டைகளில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காஸ் அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றதே.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வழமைக்கு மேல் ஏறினால் இந்தச் சோதனைகளையெல்லாம் விட்டுவிட்டு உடனே வாகனத்தை நிறுத்த வேண்டும். சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

செலவிலும் ஒரு வரிசை இருக்கட்டும். முதலில் புகைக் கசிவு, பிறகு ஓட்டைகளும் றப்பர்களும், அடுத்து ஹீட்டர் கேபிள், வால்வு. ஏ.சி.யும் கண்ணாடிக்கு ஒட்டும் டின்டும் கடைசியில்தான். முதல் மூன்றும் சரியானால் கடைசிச் செலவு பலருக்குத் தேவைப்படாமலே போகும்.

உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அந்த வியர்வை தேவையில்லாமல் சிந்தப்படாமல் பார்த்துக்கொள்வதும் முதலாளியின் பொறுப்புத்தான். சரக்கு மட்டுமல்ல, அதைக் கொண்டு செல்பவரின் உயிரும் நம்மிடமுள்ள அமானிதம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கடை மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் கெப்பின் சாரதி ஆசனத்தில் நீங்களே ஏறி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.