புற்றுநோயும் உடலின் காவற்படையும்

மனித குலம் பெரிதும் அஞ்சும் நோய்களுள் ஒன்று புற்றுநோய். அதனை எதிர்க்க அறுவை, கதிர்வீச்சு, வேதிமருந்து ஆகிய மூன்று வழிகளையே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. இம்மூன்றும் புறத்திலிருந்து நோயைத் தாக்குவன. நம் உடலுக்குள்ளேயே இருக்கும் காவற்படையை நோயின்மீது ஏவும் நான்காவது வழியும் இன்று வலுப்பெற்றுள்ளது. அதுவே தடுப்பாற்றல் மருத்துவம். 'நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்' என்று கூறி விற்கப்படும் பொடிகளையும் இலேகியங்களையும் இதனோடு சேர்த்து எண்ணுவோர் பலர். அவ்வாறு எண்ணி முதல் மாதங்களை வீணாக்குவது உயிருக்கே உலை வைப்பதாகும். ஆதலின் இதன் இயல்பை நாம் தெளிவாக அறிதல் வேண்டும்.

இக்கருத்துப் புதியதன்று. நியூயார்க் நகரின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடுமையான கிருமித் தொற்றுக்கு ஆளான நோயாளி ஒருவரின் கட்டி தானே மறைந்த செய்தியை அறிந்தார். 1891ஆம் ஆண்டு முதல் நோயாளிகளுக்குக் கிருமிகளைச் செலுத்திச் சோதித்தார். சிலர் நலம் பெற்றனர், பலர் பெறவில்லை. காரணம் எவருக்கும் விளங்காமையால் அம்முறை வழக்கொழிந்தது. எனினும், குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பாக இடப்படும் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 1976இல் கனடா நாட்டு மருத்துவர் ஆல்வாரோ மொராலெஸ் காட்டினார். தொடக்க நிலையிலுள்ள அந்நோய்க்குச் சிறுநீர்ப்பைக்குள் அம்மருந்தைச் செலுத்தும் முறை இன்றும் கையாளப்படுகிறது.

குருதியின் வெள்ளையணுக்களுள் 'டி அணுக்கள்' என்னும் ஒரு வகை உண்டு. அயலவற்றையும் கெட்டுப்போன உயிரணுக்களையும் கண்டறிந்து அழிப்பது அவற்றின் தொழில். அவை வரம்பு மீறினால் நம் உடலையே தாக்கிவிடும். ஆகவே இயற்கை அவற்றுக்குச் சில தடைகளை, வண்டிக்குப் பிரேக் அமைத்ததுபோல், அமைத்துள்ளது. புற்றணுக்களுள் பல இத்தடையைத் தாமே அழுத்தித் தப்பித்துக்கொள்கின்றன. காவலன் வலிமை குன்றியிருக்கவில்லை. அவன் கை கட்டப்பட்டிருக்கிறது. வலிமையூட்டும் பொடிகளால் அக்கட்டை அவிழ்க்க இயலாது என்பது இதனால் பெறப்படும்.

1992இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்ஜோ 'பி.டி.-1' என்னும் தடைப்புரதத்தைக் கண்டறிந்தார். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஆலிசன், 'சி.டி.எல்.ஏ.-4' என்னும் வேறொரு தடையை நீக்கினால் எலிகளின் புற்றுக்கட்டிகள் மறைவதை 1996இல் வெளியிட்டார். ஆலிசனின் வழியில் உருவான இபிலிமுமாப் என்னும் மருந்துக்கு 2011இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பி.டி.-1 தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இல் ஒப்புதல் பெற்றன. 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் இதன் பயனுக்குச் சான்றாவார். 2015இல், தம் 90ஆம் வயதில், கல்லீரலிலும் மூளையிலும் பரவிய மெலனோமா என்னும் புற்றுநோய்க்கு ஆளானார். அறுவையோடும் கதிர்வீச்சோடும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நோயின் அடையாளம் இல்லை என்று அறிவித்தார். நூறாண்டு நிறைவு கண்டு, 2024 டிசம்பரில் மறைந்தார்.

மற்றொரு முறை 'கார்-டி' எனப்படும். நோயாளியின் டி அணுக்களை வெளியே எடுத்து, குறிப்பிட்ட புற்றணுக்களை அடையாளம் காணும் மரபணுவை அவற்றில் சேர்த்து, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவர். சிலவகைக் குருதிப் புற்றுநோய்களுக்கு இது பயன்படுகிறது.

இவை அனைவருக்கும் பலிக்கும் அற்புதங்கள் அல்ல. பல வகைப் புற்றுநோய்களில் ஒரு பகுதியினரே பயன் பெறுகின்றனர். எவருக்கு ஏற்கும் என்பதைக் கட்டியின் திசுவைச் சோதித்து ஓரளவு கணிக்கலாம். தடை நீங்கிய காவலர் குடலையோ நுரையீரலையோ தைராய்டுச் சுரப்பியையோ தாக்குவதும் உண்டு. ஆகையால் இம்மருந்து பெறுபவருக்கு வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ தோன்றினால், அதனைச் சாதாரணமாகக் கருதிக் கைம்மருந்து செய்யாது, உடனே புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

ஏழைக்கு எட்டாத விலையே பெருந்தடை. அதனைத் தகர்க்கும் முயற்சிகள் நம் நாட்டிலேயே நிகழ்ந்துள்ளமை பெருமைக்குரியது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். குறைந்த செலவு மாத்திரை மருத்துவத்தோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் ஒரு பிரிவினருக்குச் சேர்த்தளித்தனர். வழக்கமான ஒருவேளை அளவோ 240 மில்லிகிராம். ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் விழுக்காடு, மாத்திரை மட்டும் பெற்றோரிடையே 16.3, நிவோலுமாப் சேர்த்துப் பெற்றோரிடையே 43.4. அதே மருத்துவமனையும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து உருவாக்கிய கார்-டி மருத்துவம் 2023 அக்டோபரில் இந்திய அரசின் ஒப்புதல் பெற்றது. அதன் செலவு வெளிநாட்டு முறைகளின் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து பேணுபவரையும் அது ஒரு கூறாகவே எண்ணுகிறது. அந்நான்காம் இடம் நமக்குரியது. நோய் கண்டவரைக் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், குறைந்த அளவு மருந்து ஏற்குமா என மருத்துவரிடம் கேட்டறிவதும், செலவுக்குத் திணறும் குடும்பத்துக்குச் சமுதாயப் பெரியோர் கைகொடுப்பதும் அப்பேணலின் பாற்படுவனவே. காவலனின் கட்டை அவிழ்க்க அறிவியல் வழி கண்டுவிட்டது. அவ்வழி எளியவரின் வாயிலையும் எட்டச் செய்வது நம் கடனாகும்.