'உனக்கென்னடி, கொடுத்து வச்சவ!' - ஹாஸ்டல் வாசலில் நிற்கும் பெற்றோரின் சொல்லாத பொறாமை

புது பக்கெட், மக், சுருட்டிக் கட்டிய மெத்தை, நாலு ஹேங்கர், ஒரு பூட்டு. காலேஜ் திறக்கிற வாரத்தில் எந்த லேடீஸ் ஹாஸ்டல் வாசலுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். அறைக்குள் நுழைந்ததும் மகள் செல்போன் சார்ஜ் போட பிளக் பாயின்ட் தேடுவாள். அம்மா ஜன்னலைத் திறப்பார். கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். மேஜை டிராயரை ஒருமுறை இழுத்து மூடுவார். "காத்து நல்லா வருதுடி" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கென்ன... கொடுத்து வச்சவ" என்பார்.

அந்தக் கடைசி வார்த்தையில் பெருமை இருக்கிறது, பிரிகிற வருத்தம் இருக்கிறது. கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல நமக்குக் கூச்சம். பொறாமை.

பெற்ற பிள்ளை மேல் போய் யாராவது பொறாமைப்படுவார்களா என்று பதறாதீர்கள். 'பெத்தவ கண்ணே பட்டுடும்' என்று உப்பு, மிளகாய் சுற்றிப் போட்ட பாட்டிகளுக்கு இது எப்போதோ தெரியும். பிள்ளைக்குக் கிடைத்ததில் யாருக்கும் குறை இல்லை. 'எனக்கும் கிடைச்சிருக்கலாமே' என்கிற ஏக்கம் இருபத்தைந்து வருடம் உள்ளேயே கிடந்தால் இப்படித்தான் எட்டிப் பார்க்கும்.

மாலைப் பேப்பரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும்

இன்று முதல் வருடம் சேரும் பிள்ளைகளின் அப்பா, அம்மாக்களில் நிறைய பேர் தொண்ணூறுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள். ரிசல்ட், மாலைப் பேப்பரில் வெறும் பதிவு எண்ணாக வரும். டீக்கடையில் ஒரே பேப்பரை பத்துப் பேர் குனிந்து பார்த்த காலம். பாஸ் என்று தெரிந்த பிறகு என்ன படிப்பது என்பதை மார்க் மட்டும் முடிவு செய்யவில்லை. வீடு முடிவு செய்தது.

இன்ஜினீயரிங், மெடிக்கல் என்றால் பிளஸ் டூ மார்க்கோடு நுழைவுத்தேர்வும் எழுத வேண்டும். 1984-ல் வந்த அந்தத் தேர்வு 2006 வரை நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர கவுன்சலிங் வந்ததே 1997-ல்தான். கோச்சிங் போகவும், விண்ணப்பம் வாங்கவும், வெளியூருக்கு பஸ் ஏறவும் வீட்டில் காசும் விவரம் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டுப் பையன்கள் ஐ.டி.ஐ, பாலிடெக்னிக் என்று போனார்கள். சீக்கிரம் வேலைக்குப் போனால் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும் என்பது கணக்கு.

அந்தத் தங்கச்சிகளின் கதை இன்னும் குறுகல். 'கோ-எட் காலேஜா, வேண்டாம்', 'ரெண்டு பஸ் மாறணுமா, வேண்டாம்'. மாப்பிள்ளை அமையும் வரை டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர். கொஞ்சம் அடம்பிடித்தவர்களுக்கு 'கரஸ்'. அண்ணாமலை, மதுரை காமராசர், சென்னைப் பல்கலைக்கழகங்களின் தபால் வழிப் படிப்பில் பட்டம் வாங்கிய பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. தபாலில் பாடப் புத்தகம் வரும், சமையலை முடித்துவிட்டுப் படிக்க வேண்டும். பரீட்சைக்கும் விடுமுறை நாள் வகுப்புகளுக்கும் தவிர, காலேஜ் வாசலை மிதிக்காமலேயே பட்டதாரி ஆனவர்கள் அவர்கள்.

அதே வருடங்களில்தான் தியேட்டர்களில் 'இதயம்' படமும் 'காதல் தேசம்' படமும் ஓடின. நிஜத்தில் கிடைக்காத கேன்டீனையும் கட் அடித்த கிளாஸையும் இவர்கள் திரையில் பார்த்துக்கொண்டார்கள்.

என் அம்மா கரஸில் பி.ஏ வரலாறு முடித்தவர். நான் ஹாஸ்டலில் இருந்தபோது போனில் 'சாப்டியா' என்பதற்கு முன்னால், 'இன்னைக்கு கிளாஸ்ல என்ன நடத்துனாங்க' என்று கேட்பார். ஒருநாள் மொத்த வகுப்பும் மாஸ் கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போனோம் என்று சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தால், "எல்லாரும் சேர்ந்தா? ஒருத்தர்கூட உள்ள போகலையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் என்ன படம் என்றார்.

கல்யாண உதவி, காலேஜ் உதவி ஆன கதை

இரண்டு தலைமுறைக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் அரசுத் திட்டமே சாட்சி. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தமிழக அரசு தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். பின்னாளில் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022-ல் அதே பெயரில் இருந்த திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. 'புதுமைப் பெண்' என்று நமக்குத் தெரிவது அதுதான். அரசுப் பள்ளியில் படித்த மாணவி காலேஜில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' வந்தது.

கல்யாணத்துக்காக உதவி வாங்கிய அம்மா, அதே அம்மையார் பெயரில் மகளின் படிப்புக்குப் பணம் வருவதை மெசேஜில் பார்க்கிறார். கொடுத்து வைத்தவள் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

முதல் பட்டதாரி சான்றிதழையும் நினைத்துப் பாருங்கள். கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்க, 'எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லை' என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். சலுகை பெரிய விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், நன்றாகப் படித்தும் மேலே போக முடியாத ஓர் அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிற நொடி எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

விரல் யாருடையது?

ஏக்கம் ஏக்கமாகவே இருந்தால் பிரச்னை இல்லை. அது வேறு வேஷத்தில் வரும்போதுதான் வீட்டில் சண்டை. 2018 முதல் இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைனில் நடக்கிறது. எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று நாம் கொடுக்கும் வரிசைதான் சீட்டைத் தீர்மானிக்கும். வீட்டு ஹாலில் செல்போனை வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் போடும் விரல் யாருடையது? 'எனக்குத்தான் கிடைக்கல, நீயாவது படி' என்று சொல்லி, மகனுக்குப் பிடிக்காத பிரிவை முதலிடத்தில் வைக்கிற அப்பா தியாகம் செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால், அந்த நான்கு வருடத்தைப் படித்துக் கழிக்கப்போவது மகன்.

இன்னொரு வேஷம், குத்தல். 'எங்க காலத்துல ரெண்டு சட்டைதான்', 'உங்களுக்கெல்லாம் என்ன கஷ்டம் தெரியும்'. ஃபேர்வெல் பார்ட்டிக்குப் புடவை கேட்ட மகளிடம் சிடுசிடுக்கும் அம்மாவுக்குப் புடவையின் விலையா பிரச்னை? பார்ட்டிக்குப் போகிற வயதில் அவர் இடுப்பில் இதே மகள் இருந்தாள்.

காலேஜுக்குப் போன பெற்றோருக்கு ஏக்கம் வேறு மாதிரி. ராத்திரி கட்டணம் குறையும்வரை காத்திருந்து எஸ்.டி.டி பூத்தில் வரிசையில் நின்றது, மணியார்டர் வந்த அன்று பரோட்டா, 90 நிமிட கேசட்டில் பதிய பாட்டு லிஸ்ட் எழுதியது... அவர்கள் மகனின் கேம்பஸைச் சுற்றி வந்து செல்ஃபி எடுத்துவிட்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

போகாதவர்களுக்குத்தான் ஒரு வார்த்தை. அந்தப் பொறாமையைப் பிள்ளையிடமே சிரித்தபடி சொல்லிவிடலாம். 'எனக்கும் இப்படி ஹாஸ்டல்ல இருக்கணும்னு ஆசைடி' என்று அம்மா சொன்னால், எந்த மகளும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீனுக்குக் கூட்டிப்போய் லெமன் டீ வாங்கித் தருவாள்.

இன்னும் ஆசை தீரவில்லை என்றால் படித்தே விடலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இயங்குகிறது. இக்னோ 1985-ல் தொடங்கியது. ஐ.ஐ.டி மெட்ராஸ் 2020-ல் கொண்டுவந்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கும் வயது வரம்பு கிடையாது. பிளஸ் டூ முடித்து, தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதிவிடுங்கள். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாக வாங்கும் திறந்தநிலைப் பட்டத்தை தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை.

இக்னோவில் வருடத்துக்கு இரண்டு முறை அட்மிஷன். ஜூலையைத் தவறவிட்டவர்களுக்கு ஜனவரி இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில்தான். நிரப்பத் தெரியவில்லை என்றால், ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு ஒரு போன் போடுங்கள்.