படகுக்கு ஏன் டயர் கட்டுகிறார்கள்? எந்த ஃபெண்டர் சரி?

‘பழைய டயரை மொட்டை மாடியில் போட்டு வைக்காதீங்க, கொசு முட்டையிடும்’ என்று நமக்குச் சொல்லும் பொது சுகாதாரத் துறை இயங்குவது தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில். மீன்வளத் துறையின் தலைமை அலுவலகமும் நந்தனத்துக்குப் போகும் முன் அதே வளாகத்தில்தான் இருந்தது. ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். விசைப்படகுகளின் பக்கவாட்டில் வரிசையாகத் தொங்குவதே பழைய டயர்கள்தான்!

அழகுக்காக அல்ல. ஜெட்டியில் இடம் குறைவு என்பதால் படகுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டுகிறார்கள். அலை தூக்கும்போது படகோடு படகு இடிக்கும். அந்த இடியை வாங்கிக்கொள்ளும் பொருளுக்குத்தான் ஃபெண்டர் என்று பெயர். பல டன் எடையுள்ள படகு மெதுவாக வந்து மோதினாலும் பலகை விரிசல் விடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒருகாலத்தில் ஜப்பானியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள், பிடித்த திமிங்கிலத்தையே நடுவில் ஃபெண்டராகப் போட்டுக்கொண்டன. காற்றடைத்த ரப்பர் ஃபெண்டரை யோகஹாமா நிறுவனம் உருவாக்கியது 1958-ல்.

சரி, டயர் தப்பா? மரப்படகுக்கும் இரும்புப் படகுக்கும் தப்பில்லை. விலை மலிவு, வெடிக்காது, வருடக்கணக்கில் உழைக்கும். ஃபைபர் படகு என்றால்தான் சிக்கல். டயரில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி மேல்பூச்சைத் தேய்த்துவிடும். தேய்ந்த டயரிலிருந்து கம்பி வெளியே வந்தால் கீறல் உறுதி. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் ஃபைபர் படகுகளை மணலில் ஏற்றிவிடுவதால் அங்கே இந்தக் கவலை இல்லை. ஜெட்டியில் நிறுத்துபவர்களுக்குக் காற்றடைத்த வினைல் ஃபெண்டர்தான் நல்லது.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உருளை வடிவ ஃபெண்டர் என்றால், படகின் நீளத்தில் ஒவ்வொரு 5 அடிக்கும் 1 அங்குல விட்டம். 25 அடிப் படகுக்குக் குறைந்தது 5 அங்குலம். பந்து வடிவம் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு பக்கத்துக்கு மூன்றாவது வேண்டும். படகின் வயிறு அகன்ற இடத்தில் ஒன்று கட்டாயம்.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில். கைப்பிடிக் கம்பியில் கட்டினால் கம்பியே வளையும். கயிறு கட்டும் குமிழில்தான் கட்ட வேண்டும். ஜெட்டி ஓரம் நிற்கும்போது ஃபெண்டர் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொங்கலாம். பக்கத்தில் இன்னொரு படகு என்றால், இரண்டும் எங்கே உரசுகிறதோ அந்த உயரத்தில்.

ஃபெண்டர் மட்டும் போதாது, கயிறும் முக்கியம். நைலான் இழுபடும், அதனால் அதிர்ச்சியைத் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், விலை குறைவு. ஆனால் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். முன்னும் பின்னும் கட்டினால் மட்டும் படகு நிற்காது. அணியத்திலிருந்து பின்னோக்கியும், பின்பக்கத்திலிருந்து முன்னோக்கியும் சாய்வாக ஒவ்வொரு கயிறு வேண்டும். அவை இல்லாவிட்டால் படகு முன்னும் பின்னும் நகரும், ஃபெண்டர் உருண்டு விலகிவிடும். கயிறு உரசும் இடத்தில் பழைய ஹோஸ் பைப்பைச் செருகிவிட்டால் போதும், கடையில் விற்கும் உறைக்குச் செலவழிக்க வேண்டாம்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த இரவில், காசிமேட்டில் கட்டியிருந்த படகுகள் பல ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்தன. ஒவ்வொரு படகும் வேறு வேறு நேரத்தில் எழுந்து தாழ்வதால், ஒரே உயரத்தில் தொங்கும் டயர் மேலே எகிறிவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு உயரங்களில் கட்டுவது ஓரளவு உதவும். அந்த மாதிரி காற்றுக்கு முழுப் பாதுகாப்பு எந்த ஃபெண்டரும் தராது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் நாள்கணக்கில் உரசிக்கொண்டு நிற்பதும் அப்போதுதான், கயிறும் டயரும் மாற்ற நேரம் கிடைப்பதும் அப்போதுதான். மாற்றும்போது டயரின் அடிப்பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டால் மழைநீர் தேங்காது. டிஎம்எஸ் வளாகத்திலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.