கத்தரிக்காய்க்கும் காபிக் கொட்டைக்கும் என்ன உறவு?

சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா, சுட்டிகளே? நறுக்க நறுக்கத் துண்டுகள் தண்ணீருக்குள் விழும். வெளியே விட்டால் வெள்ளைச் சதை சற்று நேரத்தில் கறுத்துவிடும்.

கறுப்பதற்கு முக்கியக் காரணம் குளோரோஜெனிக் அமிலம். கத்தி பட்டதும் காயின் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனி அறைகளில் இருந்த அமிலமும் ஒரு நொதியும் சந்திக்கின்றன. காற்றிலிருந்து ஆக்சிஜனும் வந்து சேர, பழுப்பு நிறம் பிறக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் துண்டைக் காற்று எளிதில் எட்டாது.

பெயரைக் கேட்டு நீச்சல் குளத்துக் குளோரின் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் குளோரின் துளியும் இல்லை. கிரேக்க மொழியில் ‘குளோரோஸ்’ என்றால் வெளிர் பச்சை. காரப் பொருளோடு சேர்த்துக் காற்றில் வைத்தால் இந்த அமிலம் பச்சையாக மாறும். அதனால் வந்த பெயர்.

இந்த அமிலம் ஏராளமாகக் குடியிருக்கும் இன்னொரு இடம் பச்சைக் காபிக் கொட்டை. ஏற்காட்டுக்குப் போனால் காபிச் செடியில் சிவப்புப் பழங்களைப் பார்க்கலாம். பழத்துக்குள் பெரும்பாலும் இரண்டு விதைகள், தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சில பழங்களில் ஒரே விதைதான். அது உருண்டையாக வளரும். கடைக்காரர் ‘பீபெரி’ என்று சொல்வது அதைத்தான். தோலும் சதையும் நீக்கி உலர்த்திய விதை சாம்பல் பச்சையாக இருக்கும். காபி மணம் அதில் கிடையாது. 200 டிகிரி செல்சியஸையும் தாண்டி வறுக்கும்போதுதான் நிறமும் மணமும் வருகின்றன. அந்தச் சூட்டில் நம் அமிலத்தில் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. அதனால்தான் சிலர் வறுக்காத கொட்டையிலிருந்தே சாறெடுத்து மாத்திரை செய்கிறார்கள்.

அது உடலுக்குள் என்ன செய்யும்? நீங்கள் சாப்பிட்ட இட்லி குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. மிஞ்சியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. கல்லீரலை நெல் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசிக்கும் நேரத்தில் குதிரின் வாயைத் திறந்து சர்க்கரையை வெளியே விடுவதும் ஒரு நொதிதான். ஆய்வகச் சோதனைகளில் குளோரோஜெனிக் அமிலம் அந்த நொதியின் வேகத்தைக் குறைத்தது. மனிதர்களிடம் நடந்த சில சிறிய சோதனைகளில் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது. ‘சிறிய’, ‘கொஞ்சம்’ என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், 2012இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. பெங்களூரில் 16 பேரிடம் நடந்த சோதனை. பச்சைக் காபிச் சாறு சாப்பிட்டவர்கள் 22 வாரத்தில் சுமார் 8 கிலோ இளைத்தார்கள் என்றது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்ந்து பேசினார்கள், மாத்திரைகள் பறந்தன.

பிறகு அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்தது. சோதனையில் சிலருக்கு உண்மை மருந்தும், சிலருக்கு அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுப்பது வழக்கம். அப்போதுதான் இளைத்தது மருந்தாலா என்று தெரியும். இங்கோ, யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதே தவறாகச் சொல்லப்பட்டிருந்தது, எடைகள் திருத்தி எழுதப்பட்டிருந்தன என்றது கமிஷன். போதாக்குறைக்கு, உணவைக் குறைத்து உடற்பயிற்சியைக் கூட்டும்படி அவர்களிடம் சொல்லியிருந்தார்களாம்! சோதனைக்குப் பணம் கொடுத்ததே சாற்றை விற்கும் நிறுவனம்தான். 2014இல் அது 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

அமிலம் பொய் சொல்லவில்லை; எடையை எழுதிய பேனாதான் பொய் சொன்னது. அந்த மாத்திரை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதில் காபியின் காஃபீனும் இருக்கிறது. தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும்.

இனி உங்கள் முறை. பெரியவர் ஒருவரைக் கத்தரிக்காயை மூன்று துண்டாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். ஒன்றைத் தட்டில் வையுங்கள், ஒன்றைத் தண்ணீரில் முழுக அமிழ்த்துங்கள், ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நிறத்தை நோட்டில் எழுதுங்கள். நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்றால் ரப்பரைத் தேடாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.