பொட்டல்வெளியில் ஒரு தருமச்சாலை



அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செம்பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றில் 1880-களில் மார்மன் சமயக் குடும்பங்கள் குடியேறின. ஃப்ரீமான்ட் ஆற்றுநீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து ஆப்பிள், பீச், பேரி மரங்களை வளர்த்தன. அந்த ஊரின் பெயர் ஃப்ரூட்டா.

அதே நூற்றாண்டில், நம் கடலூர் மாவட்டத்திலும் ஓர் ஆன்மிக நெறி வெட்டவெளியில் வேர்விட்டது. சிதம்பரம் அருகே மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், பசித்தவருக்குச் சாதி, சமயம் பாராமல் சோறிட ஓர் இடம் தேடினார். பார்வதிபுரம் மக்கள் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து கொடுத்தார்கள். அங்கே, வடலூரில், 1867 மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

1872 தைப்பூசத்தன்று அவர் அங்கே நிறுவிய சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது. இப்போதும் ஆண்டுதோறும் தைப்பூசத்தில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். சபையைச் சுற்றியுள்ள பெருவெளி, திரளும் கூட்டத்துக்கு இடம் தருகிறது.

வடலூரிலிருந்து பண்ருட்டிப் பக்கம் போனால் செம்மண் பூமி. ஃப்ரூட்டாவுக்கு ஆப்பிளும் பீச்சும் போல, அங்கே பலாவும் முந்திரியும்தான் பேர்போனவை. 

ஃப்ரூட்டாவில் இன்று குடியானவர்கள் இல்லை. அது கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்காவின் பகுதியாகிவிட்டது. பழத்தோட்டங்களைப் பூங்கா ஊழியர்களே பராமரிக்கிறார்கள். வடலூரிலோ, பந்தி இன்றும் தொடர்கிறது!