கடலோரச் சொற்களைக் காப்பது எப்படி?

நீங்கள் வேம்பார்க் கடற்கரையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் ஓரமாக உள்ள பழைய துறை இது. வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்து, "கச்சான் வந்துட்டு" என்கிறார். உங்களுக்குப் புரிகிறதா?

கச்சான் என்பது மேல்காற்று. மேற்கேயிருந்து, அதாவது தரைப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. பாய்மரப் படகில் கரை திரும்புகிறவனை அது எதிர்த்துத் தள்ளும். ஆகவே அந்த ஒரு சொல் காற்றின் திசையை மட்டும் சொல்லவில்லை. படகு திரும்பி வருவது கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறது. இவ்வாறே வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம். கொண்டலும் வாடையும் பழைய இலக்கியத்தில் நாம் படிக்கும் சொற்களே. நமக்கு அவை பாடப்புத்தகச் சொற்கள். கடற்கரையிலோ அவை தொழிற்கருவிகள்.

இக்கருவிகள் இப்போது ஒவ்வொன்றாகக் கைநழுவி வருகின்றன. அதற்குக் காரணம் என்ன? அவற்றை எப்படிக் காப்பது? இவற்றைப் பார்ப்போம்.

பொருள் போனால் சொல் போகும்

முத்துக்குளித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இக்கரையில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன் பிறகு, சிப்பிகள் போதிய அளவில் இல்லாமையால், பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை. 1961-ல் இருபது வயதில் கடலில் மூழ்கிய இளைஞர் இன்று இருந்தால் எண்பதைக் கடந்தவராக இருப்பார். முத்துச் சிப்பி விளையும் கடலடித் தரைக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள ஒரு பாருக்குத் தொல்லாயிரம் பார் என்றே பெயர் உண்டு. படகுத் தலைவருக்குத் தண்டல் என்றும், படகும் தொழிலும் உடையவருக்குச் சம்மாட்டி என்றும் பெயர். இத்தொழிலோடு பிறந்த சொற்கள், தொழில் நின்றபின் முதியவர்களின் நினைவில் மட்டுமே தங்குகின்றன.

பாய்மரம் போய் இயந்திரம் வந்ததும் பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய 'பருமல்' பேச்சிலிருந்து விலகியது. முன்பெல்லாம் கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலில் தாம் இருக்கும் இடத்தைக் கணித்தார்கள். இன்று செயற்கைக்கோள் காட்டும் கருவி அதைச் செய்கிறது. கருவி நல்லதுதான், பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் பழைய கணக்கைச் சொல்ல வைத்திருந்த சொற்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கரையிலும் இதே கதைதான். பனங்கருப்பட்டி காய்ச்சும் குடிசையை 'விடிலி' என்பார்கள். பனை ஏறுகிறவர் குறையக் குறைய, இச்சொல்லை அறிந்த பிள்ளைகளும் குறைகிறார்கள்.

பெரிய மொழிக்குள் ஒரு சிறு மொழி

"தமிழை ஏறக்குறைய ஏழு கோடிப் பேர் பேசுகிறார்களே, அதற்கு என்ன ஆபத்து?" என்று நீங்கள் கேட்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 6 கோடியே 90 லட்சம் பேர். சிக்கலே இங்குதான் இருக்கிறது. அழியும் மொழிகளைப் பதிவு செய்ய 2013-ல் மைய அரசு தொடங்கிய திட்டம், பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளுக்கானது. கடற்கரைத் தமிழோ கணக்கெடுப்பில் தனியாகத் தோன்றுவதில்லை; ஏழு கோடிக்குள் அடங்கிவிடுகிறது. அது தேய்ந்தாலும் எந்தப் பட்டியலிலும் ஓர் எண் குறையாது.

தனிமொழி ஒன்று மறைந்தால் உலகம் அறிகிறது. 2010 ஜனவரியில் அந்தமானில் போவா என்னும் மூதாட்டி இறந்தபோது, போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் மறைந்தார் என்று உலகெங்கும் செய்தி வந்தது. அன்விதா அப்பி என்னும் மொழியியல் அறிஞர் செய்திருந்த ஒலிப்பதிவுகளில் அவர் குரல் இன்றும் இருக்கிறது. ஆனால் வட்டார வழக்கின் கடைசிச் சொல்லைச் சொன்னவர் யார் என்பதை எவரும் குறித்து வைப்பதில்லை.

நானூறு ஆண்டுகளுக்கு முன்னே ஒரு பதிவு

முத்துக்குளித்துறையின் பேச்சை எழுதி வைக்கும் முயற்சி புதியதன்று. 1547-ல் இக்கரைக்கு வந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசு, மக்களோடு பழகித் தமிழ் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அவர் கேட்டு எழுதியது புலவர்களின் செய்யுள் நடையை அன்று. கரையில் வழங்கிய பேச்சைத்தான். அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் நகரிலுள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகிய இருவரும் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-ல் வெளியிட்டார்கள். அன்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று.

அதற்கும் முன்னே, 1554-ல் லிஸ்பனில் ஒரு சிறு சமய நூல் அச்சானது. மொழி தமிழ்; எழுத்தோ ரோமன் எழுத்து. இது விஞ்ஞான நோக்கில் மிகவும் பயனுள்ளது. எப்படி என்று பாருங்கள். தமிழில் 'கடல்' என்றாலும் 'பகல்' என்றாலும் ஒரே ககரத்தைத்தான் எழுதுகிறோம். ஆனால் ஒலி வேறு. ரோமன் எழுத்தில் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காட்ட இடமுண்டு. ஆகவே அன்றைய உச்சரிப்பை ஊகிக்க அந்நூல் உதவுகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு: போர்த்துக்கீசியரிடம் நம் ழகரத்துக்கு எழுத்து இல்லை!

இந்தக் குறையைத் தீர்க்கவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அனைத்துலக ஒலிப்பு எழுத்துமுறை உருவாயிற்று. ஓர் ஒலிக்கு ஒரு குறி என்பது அதன் விதி. அதில் ழகரத்துக்கு, தலைகீழாகத் திருப்பிய 'ஆர்' எழுத்தில் ஒரு கொக்கியைச் சேர்த்த குறி உண்டு.

கரைக்கு வந்தவர்களின் சொற்களும் நம் பேச்சில் தங்கின. சாவி, சன்னல், அலமாரி, மேசை ஆகியவை போர்த்துக்கீசியம் தந்தவை. மீன் விற்கும்போது கூறும் 'ஏலம்' கூட அவ்வழி வந்ததே.

பதிவு செய்யும் முறை

நீலகிரியில் 1935 முதல் 1938 வரை ஆராய்ந்த எமனோ என்னும் அறிஞர், தோடர் பாடல்களைக் கேட்டுக் கேட்டுக் கையாலேயே எழுதினார். இன்று நம் கையில் கைபேசி இருக்கிறது. முறை தெரிந்தால் நீங்களும் இப்பணியைச் செய்யலாம்.

முதலாவது, சொல்லை மட்டும் கேட்காதீர்கள், பேச விடுங்கள். "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டால் ஒரு சொல் கிடைக்கும். "முதன்முதலில் கடலுக்குப் போன நாளைச் சொல்லுங்கள், தாத்தா" என்றால் வாக்கியமும் இசையும் நூறு சொற்களும் கிடைக்கும்.

இரண்டாவது, திருத்தாதீர்கள். 'வந்துட்டு' என்பதை 'வந்துவிட்டது' என்று எழுதினால் நீங்கள் பதிவு செய்தது உங்கள் தமிழை. அவர் தமிழை அன்று.

மூன்றாவது, பொருளையும் ஊரையும் ஆண்டையும் உடன் குறியுங்கள். தூத்துக்குடிக் கரையில் சீலா என்றால் சென்னையில் வஞ்சிரம் எனப்படும் மீன். குமரியில் அதுவே நெய்மீன். விஞ்ஞானப் பெயர் ஸ்கோம்பரோமோரஸ். இலங்கைக் கரையில் சீலா என்பதோ நீண்ட உடலும் கூரிய பற்களும் கொண்ட ஸ்பைரீனா என்னும் வேறு மீன். ஊரைக் குறிக்காவிட்டால் ஒரு மீன் இன்னொரு மீனாகிவிடும்!

நான்காவது, அனுமதி கேளுங்கள். மீன் கிடைக்கும் இடத்தின் அடையாளம் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கலாம். அதை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடக்கூடாது.

ஐந்தாவது, ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கைபேசி கெடும், தாள் செல்லரிக்கும். இரண்டு மூன்று படிகள் எடுத்து, ஒன்றை ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ வையுங்கள்.

இது பல்கலைக்கழகங்களால் மட்டும் ஆகும் காரியமன்று. வேம்பாருக்கு அடுத்த கரிசல் காட்டில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், உயர்நிலைப் பள்ளிக் கல்வியைக்கூட முடிக்காதவர். 1982-ல் வெளிவந்த அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி, பின்னர் கொங்கு, நடுநாடு போன்ற பகுதிகளில் பிறர் அகராதி தொகுக்க வழிகாட்டிற்று.

மன்னார் வளைகுடாவில் வேம்பாருக்கு எதிரே உப்புத்தண்ணித் தீவு, நல்லதண்ணித் தீவு என்று இரண்டு தீவுகள் உண்டு. குடிநீர் தேடி அலைந்தவர்களின் அனுபவமே அங்கே பெயராகி நிற்கிறது. இதே வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. தீவுகள் போன பின்னும் அவற்றின் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. யாரோ எழுதி வைத்ததால்தான்.

உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ இன்று மாலை திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அருகே போய் உட்காருங்கள். முதலில் காற்றின் பெயர்களைக் கேளுங்கள்.